கோடு பிரியாமல் வளைக்க: கிட்டாருக்கு அடுக்கு மர பைண்டிங்

கிட்டாரின் மேல்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் விளிம்பில் ஓடும் மெல்லிய பட்டைக்குப் பைண்டிங் என்று பெயர். பார்ப்பவருக்கு அலங்காரம், செய்பவருக்குக் காவல். ஸ்ப்ரூஸ் என்ற மென்மரத்தாலான மேல்பலகையின் நார் வெட்டுப்பட்டு நிற்கும் ஓரத்தை ஈரமும் இடியும் தாக்காமல் மூடி வைப்பது அதுதான். பிளாஸ்டிக் பட்டை என்றால் கொஞ்சம் சூடு காட்டினால் படிந்துவிடும். மரப் பட்டையை நீரும் சூடும் கொடுத்துத்தான் வளைக்க வேண்டும். ஆனாலும் 2 மி.மீ. தடிமனுள்ள வெறும் மரப் பட்டை பெரிதாகத் தொல்லை தராது. பக்கப்பலகையை ஒருமுறை வளைத்துப் பழகிய கைக்கு அது அரை மணி வேலை.

அந்தப் பட்டையோடு ஒரு கோட்டையும் சேர்த்து ஒட்டும்போதுதான் தொல்லை ஆரம்பம். நல்ல கிட்டார்களில் பைண்டிங்கின் அடியில், பக்கப்பலகையை ஒட்டி, ஒரு கறுப்புக் கோடோ கறுப்பு-வெள்ளை-கறுப்பு என மூன்று கோடுகளோ ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அரை மி.மீ. வெனீரை, அதாவது தாள் போல மெல்லிய மரத் தகட்டை, தனி நாடாவாக அறுத்து, தனியாக வளைத்து, விளிம்பில் வெட்டிய பள்ளத்தில் நெளியாமல் உட்கார வைப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதனால் பலரும் கோட்டைப் பட்டையோடு முன்கூட்டியே ஒட்டி, இரண்டையும் ஒன்றாக வளைக்கிறார்கள். மரத்தை இளக்குகிற அதே நீரும் சூடும் பசையையும் இளக்கிவிடும் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். பட்டை அழகாக வளைந்து வரும், கோடு மட்டும் பிரிந்து தொங்கும். என்னுடைய முதல் முயற்சி அப்படித்தான் முடிந்தது.

அடுக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது?

பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பட்டைக்கு இரண்டு முகங்கள் உண்டு: ஏறக்குறைய 6 மி.மீ. அகலமுள்ள வெளிமுகம், 2 மி.மீ. மட்டுமே உள்ள ஓரம். கோட்டை ஓரத்தில் ஒட்டினால் அது பக்கப்பலகையின் மீது தெரியும். அகன்ற முகத்தின் உட்புறத்தில் ஒட்டினால் மேல்பலகையின் மீது தெரியும்.

கண்ணுக்கு இது சின்ன வித்தியாசம். பசைக்கு அப்படியில்லை. ஓரத்தில் ஒட்டிய கோடும் பட்டையும் ஒரே வளைவை அருகருகே வளைகின்றன. ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்க வேண்டிய தேவையே இல்லை. சூட்டில் பசை சற்று இளகினாலும், இரண்டையும் பக்கவாட்டில் நெருக்கிப் பிடித்திருந்தால், ஆறும்போது அதே இடத்தில் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

உள்முகத்தில் ஒட்டிய கோட்டின் கதை வேறு. அங்கே ஓர் அடுக்கு உள்வட்டம், மற்றது வெளிவட்டம். வட்டம் பெரிதானால் நீளம் கூடும். 1.5 மி.மீ. பட்டையும் 0.5 மி.மீ. வெனீரும் என்றால் இரண்டின் நடுக்கோடுகளுக்கு இடையே 1 மி.மீ. தூரம். பட்டை 90 டிகிரி திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் இரண்டின் நீளமும் ஏறக்குறைய 1.6 மி.மீ. வேறுபட்டாக வேண்டும். பசை அந்த அளவுக்கு வழுக்க வேண்டும், அல்லது மரம் நசுங்கியோ நீண்டோ கொடுக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கோடு உப்பும், அல்லது கிழியும்.

என் முடிவு இது: பக்கப்பலகையில் தெரியும் கோட்டை முன்கூட்டியே ஒட்டி வளைப்பேன். மேல்பலகையில் தெரியும் கோட்டை, அதாவது பர்ஃப்லிங்கை, தனியாகத்தான் வைப்பேன். மெல்லிய நாடா அந்தத் திசையில் சூடே இல்லாமல்கூட வளையும். பட்டையைப் பொருத்தும் அன்றைக்கு அதையும் சேர்த்து ஒட்டினால் போதும். இரண்டையும் ஒரே பட்டையில் முன்கூட்டியே ஒட்டி அழகாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். முதல் கிட்டாரில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மரமும் வெனீரும்

நாரோட்டம் நேராக இருக்க வேண்டும். மற்ற குணமெல்லாம் அதற்கு அப்புறம்தான். நார் பட்டையின் முகத்தைக் குறுக்காக வெட்டி வெளியேறும் இடத்தில்தான் சிம்பு எழும்பும். ரோஸ்வுட் சொன்ன பேச்சைக் கேட்கும். அதன் பிசின் சூட்டில் இளகுவதும் கை கொடுக்கிறது. மஹாகனியும் வால்நட்டும் பரவாயில்லை. நேர்நாருள்ள மேப்பிள் நன்றாக வளையும், ஆனால் சீக்கிரம் கருகிப் பழுப்பாகும். அலை அலையாக மின்னும் மேப்பிளில் நார் ஒவ்வொரு அலையிலும் மேலேறிக் கீழிறங்குகிறது. ஒவ்வொரு இறக்கமும் முறியக்கூடிய இடம்தான். கருங்காலி விறைப்பானது, அவசரப்பட்டால் சட்டென்று ஒடியும். பழகுவதற்கு ரோஸ்வுட்டோ வால்நட்டோ எடுங்கள்.

ரோஸ்வுட் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கவும். ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம், பிரேசில் ரோஸ்வுட் தவிர, முழுவதும் 2017 ஜனவரி முதல் சைட்ஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே முதல் பட்டியலில் உள்ளது. 2019 இறுதியில் முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு இரண்டாம் பட்டியல் மரங்களில் விலக்கு கிடைத்தது. அறுத்த பட்டையை நாடு விட்டு நாடு அனுப்புவதற்கு அது பொருந்தாது.

கோட்டுக்கு மர வெனீரையே எடுங்கள். கறுப்புக் கோட்டுக்குப் பலர் வல்கனைஸ்டு ஃபைபர் தாளைப் பயன்படுத்துகிறார்கள். உலர்ந்த நிலையில் ஒட்ட அது அருமையான பொருள். கூர்மையான கோடு, நல்ல கறுப்பு. ஆனால் நீரைக் கண்டால் உப்பும். நான் அதை மேப்பிளோடு ஒட்டி, தாராளமாக நீர் தெளித்து வளைத்தேன். மறுநாள் திறந்து பார்த்தால் கோடு கடல் அலை மாதிரி நெளிந்திருந்தது. சாயமேற்றிய கறுப்பு வெனீரிலும் ஓர் ஆபத்து இருக்கிறது: ஈரத்தில் சாயம் கசிந்து வெள்ளை மரத்தில் இறங்கும். ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் தாளின் மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். தாள் கறைபட்டால் அந்த வெனீரை மேப்பிளோடு சேர்க்காதீர்கள், ரோஸ்வுட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பசை

சாதாரண வெள்ளை, மஞ்சள் மரப்பசைகள் மர வளைப்புக்குத் தேவையான சூட்டுக்கு வெகு முன்பே இளகிவிடும். அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. ஓரத்தில் ஒட்டும் கோட்டுக்கு, நெருக்கிப் பிடித்து முழுக்க ஆறவிடும் பொறுமை இருந்தால், அவை போதும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீர் தாங்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் சூடும் தாங்கும் என்று அர்த்தமில்லை, இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

யூரியா ஃபார்மால்டிஹைடு தூள் பசை எனக்குப் பிடித்தது. நீரில் கலக்கும் இந்தப் பசை கண்ணாடி போல இறுகும், ஒருமுறை இறுகினால் சூட்டில் திரும்ப இளகாது, அடுக்குகள் மெல்ல மெல்ல நகர்ந்து போகவும் விடாது. கலக்கும்போதும் பின்பு இழைக்கும்போதும் முகமூடி கட்டாயம். அறை குளிர்ந்து கிடந்தால் சரியாக இறுகாது, 20 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும்.

எப்பாக்ஸி நீருக்கு அஞ்சாது, ஆனால் அறை வெப்பத்தில் இறுகும் சாதாரண வகைகள் சூட்டில் ரப்பர் போலாகிவிடும். விலங்குப் பசைக்கு நீரும் சூடும் சேர்ந்தால் கரைந்துவிடுவதுதான் இயல்பு, இந்த வேலைக்கு ஆகாது. சூப்பர் க்ளூவும் ஆகாது. சூடேறினால் பிடி விடும், கண்ணைக் கரிக்கும் புகையும் வரும்.

ஒட்டி, பிறகு அறுப்பது

தனித்தனிப் பட்டைகளில் வெனீர் ஒட்ட முயலாதீர்கள். ஒரு பலகையில் ஒட்டிவிட்டு அதை அறுத்தால் எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி வரும்.

பைண்டிங் எவ்வளவு உயரம் வேண்டுமோ அந்தத் தடிமனுக்குப் பலகையை இழைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6.5 மி.மீ. வேண்டும், கோடு 0.5 மி.மீ. என்றால் பலகை 6 மி.மீ. நீளம் 840 மி.மீ. இருந்தால் டிரெட்நாட் எனும் வழக்கமான பெரிய உடல் கிட்டாருக்குப் போதும், இரு முனையிலும் வெட்டித் தள்ளவும் மிஞ்சும். பலகையின் ஒரு முகம் முழுவதும் வெனீரை ஒட்டி, மேலே பிளாஸ்டிக் தாள், அதன் மேல் தடித்த சமப் பலகை வைத்துக் கிளாம்புகளை நெருக்கமாகப் போடுங்கள். பசை மெல்லிதாக, விடுபடாமல் பரவ வேண்டும். ஓரிடத்தில் பசை விடுபட்டிருந்தால் இப்போது தெரியாது, வளைக்கும்போது கொப்புளமாக எழும்பும்.

முழு நாள் விட்டபின் ஓர் ஓரத்தை நேராக இழைத்து, 2.5 மி.மீ. பட்டைகளாக அறுங்கள். டிரம் சாண்டர் என்ற தேய்ப்பு எந்திரத்திலோ, பட்டையை ஸ்க்ரேப்பர் (சுரண்டும் எஃகுத் தகடு) அடியில் இழுக்கும் எளிய ஜிக்கிலோ 2.2 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிட்டாருக்கு நான்கு பட்டை தேவை. நான் ஆறு செய்வேன். ஒரே பலகையில் அடுத்தடுத்து அறுத்தவற்றுக்கு எண் போடுங்கள், இடமும் வலமும் ஜோடியாக வர அது உதவும்.

வளைக்கும்போது மரத்துக்குள் நடப்பது

மரநார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின், ஈரத்தில் ஏறக்குறைய 100 டிகிரிக்கு அருகில் இளகுகிறது. உலர்ந்த மரத்தில் அதற்கு இன்னும் அதிகச் சூடு வேண்டும். நீரின் முக்கிய வேலை அந்த இளகும் சூட்டைக் குறைப்பதும் ஆவியாகிச் சூட்டை உள்ளே கொண்டுபோவதும்தான். ஆகவே மணிக்கணக்கில் ஊறப்போட வேண்டாம். அடுக்குப் பட்டையை ஊறப்போட்டால் பசைக்கும் வெனீருக்கும்தான் கேடு. இரு முகத்திலும் நன்றாகத் தெளித்து, ஐந்து நிமிடம் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் 2 மி.மீ. மரத்துக்கு அது போதும்.

இன்னொன்று: இளகிய மரம் நசுங்குவதற்குத் தாராளமாக இடம் தரும், 25 முதல் 30 சதவீதம் வரைகூட. நீள்வதற்கு 1 அல்லது 2 சதவீதம்தான் தரும். பட்டை முறிவது எப்போதும் வெளிவட்டத்தில் என்பதற்குக் காரணம் இதுதான். வெளிவட்டத்தை ஒட்டி எஃகுத் தகடு ஒன்றை இறுக்கமாக வைத்தால் நார் கிளம்ப வழியில்லாமல் உள்வட்டம் நசுங்கிக்கொடுக்கும். கிட்டாரின் இடுப்பில் வளைவு திசை மாறுவதால் இழுபடும் பக்கமும் மாறுகிறது. அதனால் தகடு இருபுறமும் வேண்டும்.

எந்திரத்தில்

கிட்டார் தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஃபாக்ஸ் வடிவமைத்து, இன்று பல பட்டறைகளில் பல உருவத்தில் இருக்கும் வளைப்பு எந்திரத்தில் வேலை இப்படிப் போகும்.

பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு நாடா போல அடுக்குங்கள். கோடு எதுவும் வெளிப்பக்கம் வெறுமனே நிற்கக் கூடாது. கடைசிப் பட்டைக்கு அடுத்து வெறும் மரப் பட்டை ஒன்றைக் காவலுக்கு வைத்துவிடுங்கள். இதனால் ஒவ்வொரு கோடும் இரண்டு மரங்களுக்கு நடுவே நெருக்கப்பட்டிருக்கும். பசை இளகினாலும் கோட்டுக்குப் போக இடமிருக்காது. முனைகளிலும் நடுவில் ஓரிரு இடத்திலும் மெல்லிய செம்புக் கம்பியால் கட்டுங்கள். மாஸ்கிங் டேப்பும் போடலாம், ஆனால் சூட்டில் அதன் பிசின் இறங்கி மரத்தில் ஒட்டும்.

இடுப்பு வரும் இடத்தைப் பென்சிலால் குறித்துவிட்டு அடுக்குங்கள்: கீழே ஸ்டெயின்லெஸ் தகடு, அதன் மேல் பழுப்புத் தாள், பட்டைகள், மறுபடி தாள், சூடேற்றும் சிலிகான் போர்வை, மேலே இன்னொரு தகடு. சாதாரண எஃகானால் ஈரமான மரத்தின் டானினோடு வினை செய்து நீலக்கறுப்புக் கறை விழும். மேப்பிளில் அந்தக் கறை ஆழமாக இறங்கிவிடும்.

போர்வைக்கு மின்சாரம் கொடுத்து, வெப்பமானி 110 டிகிரி தாண்டி ஆவி நன்றாகக் கிளம்பியதும் இடுப்பை இறக்கத் தொடங்குங்கள். முழுக்க வேண்டாம், முக்கால் பங்கு போதும். முதலிலேயே முழுக்க இறக்கினால் இரண்டு பக்கமும் பட்டை இழுபட்டு விறைக்கும். அப்புறம் கீழ்ப் பக்கப் பெரிய வளைவு, பிறகு மேல் பக்கச் சிறிய வளைவு, கடைசியாக இடுப்பின் மீதிக் கால் பங்கு. மொத்தமும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடியும். கை எதிர்ப்பை உணர்ந்தால் நின்று, சூடு ஏறக் காத்திருங்கள். இளகிய மரம் தானாகவே இறங்குவது கையில் தெரியும்.

வடிவம் வந்தபின் 150 டிகிரியில் பத்து நிமிடம் பிடித்து வைத்து அணைத்துவிடுங்கள். மேப்பிள் என்றால் அதற்குக் கீழேயே நிறுத்துங்கள். 2 மி.மீ. பட்டையில் கருகலைத் தேய்த்து எடுக்க மிச்ச மரம் இருக்காது.

பல பேர் கெடுத்துக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். ஆர்வத்தில் சூடாக இருக்கும்போதே திறந்து பார்ப்பார்கள். வெறும் மரத்துக்கு அதனால் கொஞ்சம் வளைவு தளரும், அவ்வளவுதான். அடுக்குப் பட்டையில் அந்த நேரத்தில் பசை இன்னும் கூழாக இருக்கும், பிடி விட்டதும் கோடு பிரியும். முழுக்க ஆறவிடுங்கள். ஆறியபின் திறக்காமலே இன்னொரு முறை பதினைந்து நிமிடம் சூடேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி வளைவு நிலைக்கும். மறுபடி ஆறவிட்டு, இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

எந்திரம் இல்லாவிட்டால்

சூடான குழாயில் கையால் வளைக்கலாம். நீர்த்துளி விழுந்தவுடன் பொரிந்து உருண்டோடினால் குழாய் தயார். பட்டைகளை ஒவ்வொன்றாக வளைக்காமல், கோடும் கோடும் உட்புறம் பார்க்க இரண்டு பட்டைகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கம்பியால் கட்டி ஒன்றாக வளையுங்கள். வெளிப்பக்கம் மெல்லிய தகடு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஆரம்பித்து இரு பக்கமும் நகர்ந்து, அடிக்கடி வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். முடிந்ததும், கட்டை அவிழ்க்காமல், உடல் வடிவில் வெட்டிய அச்சில் கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். குழாயில் கோடு பிரியும் வாய்ப்பு கூடுதல், மறைக்க விரும்பவில்லை. தூள் பசையை எடுப்பது இங்கே கண்டிப்பாக நல்லது.

கட்அவேயின் இறுக்கமான வளைவு

கழுத்தருகே உடலை உள்ளே குடைந்தெடுத்த பகுதிதான் கட்அவே. அங்கே 25 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 2 மி.மீ. பட்டையின் வெளிமுகம் ஏறக்குறைய 4 சதவீதம் நீள வேண்டும். மேலே சொன்னபடி மரம் அவ்வளவு தராது. தகடு வைத்து ரோஸ்வுட்டைச் சமாளிக்கலாம், அலைநார் மேப்பிளைச் சமாளிப்பது அதிர்ஷ்டம். அங்கே வேறு வழி: பட்டையையே மூன்று 0.7 மி.மீ. அடுக்குகளாக அறுத்து, தனித்தனியாக ஈரமும் சூடும் காட்டி வளைத்து, உலரவிட்டு, அச்சில் வைத்து ஒட்டுவது. ஒவ்வொரு அடுக்கும் 1.4 சதவீதம்தான் நீள வேண்டியிருக்கும். ஒட்டியபின் சூடே காட்டாததால் பசைக்கும் ஆபத்தில்லை. ஒரே துண்டிலிருந்து வரிசை மாறாமல் அறுத்து, அதே வரிசையில் ஒட்டினால் மூன்று அடுக்கு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. பக்கக் கோடு வேண்டுமானால் இப்படி ஒட்டி முடித்த பட்டையின் ஓரத்தில் கடைசியாக ஒட்டுங்கள்.

பொருத்துவது

கம்பிக் கட்டை அவிழ்த்ததும் ஒவ்வொரு கோட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிரிந்த இடத்தில் நகம் சிக்கும். மெல்லிய கத்தி முனையால் பசை செலுத்தி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே இறுக்கி விட்டால் சரியாகிவிடும். இதைப் பள்ளத்தில் ஒட்டும் முன்பே செய்யுங்கள்.

ரூட்டரில் வெட்டும் பள்ளம் பட்டையின் தடிமனைவிட 0.1 அல்லது 0.2 மி.மீ. ஆழம் குறைவாக இருக்கட்டும், பட்டை வெளியே துருத்தி நின்றால் சுரண்டிச் சமப்படுத்தலாம். உள்ளே அமுங்கினால் பக்கப்பலகையை அல்லவா சுரண்ட வேண்டியிருக்கும்? மேல்பலகையும் பின்பலகையும் லேசான குவிவு கொண்டவை. ஆகவே கட்டர் பக்கப்பலகைக்கு இணையாக நிற்க வேண்டும், பலகையின் குவிவோடு சாயக் கூடாது. சாய்ந்தால் கோடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தெரியும். ஸ்ப்ரூஸ் பள்ளத்தில் ஷெல்லாக் ஒரு கோட்டிங் பூசிவிட்டால் சாயமும் பசையும் நாருக்குள் ஊறாது.

பசை இல்லாமல் முழுக்க ஒருமுறை டேப் போட்டுப் பாருங்கள். விரல் அழுத்தத்தில் இடைவெளி மூட வேண்டும். கிளாம்ப் போட்டால்தான் மூடும் என்றால் அந்த இடத்தைக் குழாயில் லேசாகத் திருத்துங்கள், கோட்டின் மேல் சமக்கட்டை ஒன்றை அழுத்திக்கொண்டு, நீர் ஏறக்குறைய இல்லாமல். பின்பலகை இடுப்பிலிருந்து கழுத்தை நோக்கிச் சரியும் இடத்தில் பட்டை ஓரவாட்டிலும் கொஞ்சம் வளைய வேண்டும். 6 மி.மீ. உயரம் அதற்கு முரண்டு பிடிக்கும், அங்கே டேப் இரட்டிப்பாகத் தேவைப்படும்.

ஒட்டும்போது நான் இடுப்பிலிருந்து தொடங்குவேன். அளவில் ஏதாவது பிசகு இருந்தால் அதை இரு முனைக்கும் தள்ளிவிடலாம். கழுத்துப் பக்க முனை ஹீலுக்கும் (கழுத்தின் அடிப்பகுதி) விரற்பலகைக்கும் அடியில் மறைந்துவிடும். வால் பக்கத்தில் மட்டும் இரண்டு பட்டைகளும் நடுக்கோட்டில் முட்டிச் சேர வேண்டும். அங்கே கோடுள்ள அலங்காரத் துண்டு இருந்தால் கோடுகளை 45 டிகிரியில் வெட்டிச் சேர்க்கவும். அரை மி.மீ. கோட்டுக்கு இந்த வெட்டு கூர்மையான உளியால் ஒரே அழுத்தில் நடக்க வேண்டும், அறுக்க முயன்றால் நைந்துவிடும்.

டேப்பை எடுத்தவுடன் ஸ்க்ரேப்பரைக் கையில் எடுக்கத் தோன்றும். மூன்று நாளாவது பொறுங்கள். பசையின் ஈரத்தால் பட்டை இப்போது சற்று உப்பியிருக்கிறது. இன்றைக்கே சமமாகச் சுரண்டினால் காய்ந்தபின் அது பக்கப்பலகைக்குக் கீழே இறங்கிவிடும். சுரண்டும்போது நாரோட்டத்தோடு, கோட்டைக் குறுக்கே கடக்காமல் போங்கள். கருங்காலித் தூளும் சாயத் தூளும் மேப்பிளின் நுண்துளையில் ஏறினால் வெள்ளை சாம்பலாகிவிடும், ஆகவே துணியால் துடைக்காமல் காற்றால் ஊதித் தள்ளிவிட்டு, அதன் பிறகு உப்புத்தாளை எடுங்கள்.